தேரும் சோப்புப்பெட்டியும்

பிப்ரவரி 3

சகலை அவர்களுக்கு,

ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் வேடிக்கை பார்க்க, இனி என் குரலே உங்கள் காதில் விழக்கூடாது என்று சொன்னவர் நீங்கள். கடுதாசிக்குக் குரல் கிடையாது, அதனால் எழுதுகிறேன். அக்காளையும் தங்கையையும் கட்டிக்கொண்ட நாம் இருவரும் ஒருவரையொருவர் தலைமுழுகவும் முடியாது. நம் வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள்.

உங்கள் கார் என் வீட்டு வாசலில் நிற்கிறது. சாவியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். அந்தப் பெண் "உங்க தம்பி குடுத்துட்டுப் போனார்" என்று என் கையில் திணித்தாள். தம்பி இல்லையம்மா, சகலை என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். தம்பியாக இருந்தால் அறைந்திருப்பேன், அதுதான் வித்தியாசம் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கு என் கார் நடுவழியில் நின்றது உண்மை. இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்புக்கு உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது. அதனால் என் வீட்டுக்காரிக்கு, நீங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு, டயாலிசிஸ் தாமதமானது உண்மை. பாதிச் சிகிச்சைதான் நடந்தது, மூச்சுத் திணறி மறுபடி படுக்கையில் போட்டார்கள், அதுவும் உண்மை. அத்தனையையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காரைச் சவப்பெட்டி என்று சொன்னீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அது என் தாத்தா வயசு மாடல். கோழி அடைத்து வைத்திருந்த கொட்டகையிலிருந்து இழுத்து வந்து, ஒவ்வொரு ஆணியாக நான் உயிர் கொடுத்தது. மில்லில் அத்தனை தறியும் ஒன்றாக ஓடும்போது எந்தத் தறிக்கு உடம்பு சரியில்லை என்று தூரத்திலிருந்தே சொன்ன ஃபிட்டர் நான். அந்தக் காதை வைத்துத்தான் இந்தக் காரை ஓட்டுகிறேன். அதன் இன்ஜின் லேசாகத் தும்மினாலும் எனக்குத் தெரியும்.

உங்கள் கார் என்ன காரா? சோப்புப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது மாதிரி இருக்கிறது. என் காரின் பின்சீட்டு கட்டில் நீளம். சிகிச்சை முடிந்து வரும்போது அவள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, வீடு வரும்வரை நிம்மதியாகத் தூங்குவாள். உங்கள் பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்தால் முழங்கால் மூக்கில் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

நலம் விசாரிக்கவில்லை. நீங்கள் நலம் என்று உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தினமும் போனில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
சவப்பெட்டியின் சொந்தக்காரன்


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் அந்தச் சொல். அது வாயிலிருந்து வந்திருக்கக்கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டு போகும்வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்ததும் மீதியை உங்கள் கொழுந்தியாள் திட்டி முடித்தாள். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் சொல்லுக்குத்தான் மன்னிப்பு. கோபத்துக்கு இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் எடுபிடியாக இருந்தவனுக்குப் பெண் கொடுக்க யார் தயாராக இருந்தார்கள்? உங்கள் வீட்டம்மாதான் தன் தங்கையைக் கூப்பிட்டு, "இவர் கண்ணப் பார்த்தா பொய் சொல்ற ஆள் மாதிரி தெரியல, கட்டிக்கோ" என்று சொன்னார்கள். எனக்கு அக்கா என்று பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்த இடத்தில் அவர்கள்தான். அவர்கள் மூச்சுக்குத் தவித்ததைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன், வாசலில் நீங்கள் நின்று மெக்கானிக்கிடம் பம்பு ரப்பரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

உங்கள் கார் அழகுதான், இல்லை என்று எவன் சொன்னான். பச்சை நிறமும், யானைக் காது மாதிரி மட்கார்டும், தெருவில் போனால் குழந்தைகள் கையசைக்கின்றன. ஆனால் காலையில் அது கிளம்புவதற்குள் சோக்கை இழுத்து, கெஞ்சி, கொஞ்சி, அது மூன்று இருமல் இருமி முடிப்பதற்குள் ஒருத்தர் குளித்துவிட்டு வந்துவிடலாம். சீட் பெல்ட் கிடையாது. அடுத்த தெருவில் நிற்க வேண்டுமென்றால் இந்தத் தெருவிலேயே பிரேக்கை மிதிக்க வேண்டும். திரும்புவதைக் காட்டும் விளக்கு இல்லாமல் கையை வெளியே நீட்டித் திரும்புகிறீர்கள், பின்னால் வருகிறவன் நீங்கள் யாருக்கோ டாட்டா காட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறான். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். உங்கள் தேரை நகர்த்த நானே எத்தனை தடவை தோள் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கு வேண்டாம்.

என் சோப்புப்பெட்டியில் படுக்க முடியாதுதான். ஆனால் பொத்தானை அழுத்தினால் கிளம்பும், வெயிலில் குளிரும், போய்ச் சேரும். அக்காவுக்கு வாரம் இரண்டு முறை போய்ச் சேருவதுதானே முக்கியம்? அந்த ரப்பர் வந்து உங்கள் வண்டி சரியாகும்வரையாவது இது அங்கேயே நிற்கட்டும். நான் கடைக்குப் பஸ்ஸில் போகிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்று மட்டும் கவனம். இதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். இடது காலுக்கு வேலையே இல்லை. பழக்கத்தில் எதையாவது மிதித்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி
(நர்ஸ் சொன்னதே இருக்கட்டும்)


பிப்ரவரி 15

சகலை,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எப்படியும் இது போன் வழியாக உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும், அதுவும் கண் காது மூக்கு வைத்து வந்திருக்கும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

இடது கால் விஷயம் நீங்கள் எழுதியபடியே ஆயிற்று. தெருமுனையில் கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டேன். உங்கள் அக்கா பெல்ட் போட்டிருந்ததால் தப்பித்தாள். அதன்பிறகு அந்தக் காலை மடித்து, பாதிச் சம்மணம் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். சிரிக்காதீர்கள்.

பெரிய கூத்து சிக்னலில். சிவப்பு விழுந்தது, நிறுத்தினேன். இன்ஜின் அடங்கிவிட்டது. ஒரு முனகல் கிடையாது, ஒரு இருமல் கிடையாது, அப்படியே உயிர் போய்விட்டது. மறுபடியும் வழியில் நின்றுவிட்டதே, மறுபடியும் இவளுக்குத் தாமதமாகிவிடுமே என்று இறங்கி ஓடி, முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுகிறேன், உள்ளே தொடுவதற்கு ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் கறுப்பு பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் இருக்கிற வண்டியெல்லாம் ஹாரன். போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஐயா, அது சிக்னல்ல தானா நின்னுக்கும், தானா கிளம்பும். நீங்க போய் உக்காருங்க" என்றார், ஏதோ சின்னப் பிள்ளையிடம் சொல்வது மாதிரி.

திரும்பி வந்து உட்கார்ந்தால் உங்கள் அக்கா சிரிக்கிறாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். உடம்புக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்காக உங்கள் வண்டிக்கு ஒரு மார்க் போடுகிறேன். அதற்கு மேல் கிடையாது.

மற்றபடி அவளுக்கு இந்தக் கார் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது தூங்குவதே இல்லை. பின்சீட்டின் மூலையில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டே வருகிறாள். பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். ரப்பர் வந்துவிட்டது. இந்த வாரம் தேர் ஓடும்.

சகலை


பிப்ரவரி 19

அண்ணனுக்கு,

அந்த சிக்னல் கதையைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். கண் சோதிக்க வந்த ஒரு பெரியவர் சிரித்த சிரிப்பில் எழுத்துப் பலகையைப் படிக்க முடியாமல் நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். அது உங்களிடம் சொல்லாமல் விட்ட என் தப்பு. பெட்ரோலை மிச்சம் பிடிக்க அது கொஞ்சம் கண்ணயரும், அவ்வளவுதான்.

அக்கா சிரித்தார்கள் என்று படித்ததும் கடிதத்தை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். இவள் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

துண்டைக் கடித்துக்கொண்டு வருகிறார்களா? பிடிக்காத காரில் உட்கார்ந்து யாரும் துண்டைக் கடித்து நான் பார்த்ததில்லை. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. காதை இன்ஜினுக்குக் கொடுத்தது போதும், கண்ணைக் கொஞ்சம் அவர்கள் பக்கம் கொடுங்கள். கண்ணாடிக்கடைக்காரன் வேறு என்ன சொல்வான்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 27

சகலை,

தேர் ஓடிவிட்டது. சும்மா ஓடவில்லை, பட்டு மாதிரி ஓடியது. அதுவும் என் பிடிவாதத்தால் இல்லை. இரண்டு காரும் வாசலில் நிற்க, உங்கள் அக்காவிடமே கேட்டேன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நம்ம கார்லயே போயிடலாங்க. அதுதான் எனக்குச் சரி."

அப்புறம் என்ன பேச்சு? வேகமும் குளிரும் பொத்தானும் ஒரு பக்கம் இருக்கட்டும். உட்காருகிறவளுக்கு எது பிடிக்கிறதோ அதுதான் கார். திரும்பி வரும்போது பழையபடி பின்சீட்டில் நீட்டிப் படுத்தாள், வீடு வரும்வரை எழுந்திருக்கவில்லை. சாய்ந்ததும் தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். இன்ஜின் சத்தம் அவளுக்குத் தாலாட்டு மாதிரி.

பிரேக் கட்டையைப் புதுசாக மாற்றிவிட்டேன். இரண்டு பெல்ட்டும் வாங்கிப் பொருத்தப் போகிறேன். நீங்கள் சொன்னதில் நியாயம் இருந்த இடத்தில் கேட்டுக்கொண்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். சோப்புப்பெட்டியைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வரும்போது உங்கள் குரலையும் கொண்டுவரலாம், பரவாயில்லை.

ஜெயித்த சகலை


மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நீங்கள் ஜெயித்ததாகவே இருக்கட்டும். இந்தக் கடிதம் அதற்குப் பதில் இல்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று இவள் தன் அக்காவிடம் சத்தியம் செய்திருக்கிறாள். என்னிடம் சொல்லும்போது நான் இவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன். இரண்டு சத்தியத்தையும் மீறி எழுதுகிறேன். எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

குளிரும் காரை விட்டுவிட்டு ஏன் அந்தப் பழைய காரில் போகிறாய் என்று இவள் போனில் அக்காவைக் கேட்டிருக்கிறாள். படுத்துக்கொள்ளலாமே என்று முதலில் சொல்லியிருக்கிறார்கள். இவள் விடவில்லை, துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். அப்புறம் சொன்னார்களாம்: "அது போற சத்தத்துல நான் வாய்விட்டு அழுதாலும் அவருக்குக் கேக்காதுடி. உன் வீட்டுக்காரர் கார்ல மூச்சு விட்டாக்கூட கேக்குது."

சிகிச்சை முடிந்ததும் கால் சதை முறுக்கி இழுக்குமாம். பல பேருக்கு வருமாம், நர்ஸ் சொல்லியிருக்கிறாள். வீடு வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்வரை விடாதாம். ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் இருக்கிறார்கள் என்று அடக்கிக்கொள்கிறார்கள். வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று அடக்கிக்கொள்கிறார்கள். பெட்ரோல் பம்பு ரப்பருக்கே அப்படித் துடித்துப்போன மனுஷன், இது தெரிந்தால் உடைந்துபோய்விடுவார் என்று நினைக்கிறார்கள். அதனால் அந்தப் பின்சீட்டில் மட்டும், உங்கள் முதுகுக்குப் பின்னால், இன்ஜின் சத்தத்துக்கு அடியில் அழுதுகொண்டு வருகிறார்கள். என் காரில் அதற்கு வழியில்லை. துண்டு அதற்குத்தான் அண்ணா.

எந்தக் கார் நல்ல கார் என்று இனி நான் வாயே திறக்கமாட்டேன். அக்கா பாவம், இது மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. என்ன செய்வீர்களோ, எப்படிச் செய்வீர்களோ தெரியாது. நான் சொன்னேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள். காட்டிக்கொண்டாலும் பரவாயில்லை.

உங்கள் தம்பி


மார்ச் 14

அன்புத் தம்பி,

உங்கள் கார் இனி உங்களுக்குக் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன், படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தால் போனிலேயே திட்டலாம்.

உங்கள் கடுதாசியைப் படித்ததும் பொய் என்று பதில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இந்தப் பின்சீட்டில் ஒருத்தி இத்தனை மாதம் அழுதுகொண்டு வந்திருந்தால் எனக்கா தெரியாது, இந்தக் காதுக்கா தெரியாது என்று இருந்தது. எழுத வரவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

அடுத்த சிகிச்சைக்குத் தேரில்தான் போனோம். திரும்பும்போது ரயில்வே பாலம் தாண்டியதும் நீண்ட இறக்கம் ஒன்று வருமே, அங்கே சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்திவிட்டேன். கார் தானாக உருண்டுகொண்டிருந்தது. முதலில் காற்றுதான் கேட்டது, அப்புறம் சக்கரம். அதற்கப்புறம் அவள். தம்பி, அதை எப்படி எழுதுவது? ஒரு கன்று கத்துவது மாதிரி இருந்தது. நடுநடுவே "அம்மா, முடியலையே, முடியலையே" என்று. எங்கள் கல்யாணத்திலிருந்து இன்றுவரை அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பிறகு இன்ஜின் ஓடவில்லை என்று அவளுக்கே புரிந்தது. பாதியில் அப்படியே நிறுத்திக்கொண்டாள். இறக்கம் முடிந்து வண்டி ஓரமாக நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். கேட்கத்தான் நிறுத்தினேன் என்றேன். அவள் என் மேல் சாய்ந்து அழுவாள் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"எனக்குன்னு இருந்ததே அந்த ஒரு இடந்தான். அதையும் பிடுங்கிட்டீங்களா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சத்தமாகத்தான் வைத்தாள். நியாயம்தானே? அவள் ஒளித்து வைத்திருந்த இடத்தில் திருடன் மாதிரி புகுந்து பார்த்தவன் நான். விரல் நகம் அளவு ரப்பர் கிழிந்த சத்தம் தெரிந்த காதுக்கு, ஒரு கை தூரத்தில் இருந்தவள் தெரியவில்லை. மில்லில் என்னை மெச்சினார்களே, அவர்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் நானே போய்ப் பேசினேன். எந்தக் காரில் வேண்டுமானாலும் போகலாம், நீ சொல்வதுதான். தேர் என்றால் தேர், இனி வழியில் இன்ஜினை அணைக்கமாட்டேன், திரும்பியும் பார்க்கமாட்டேன், கேட்டதாகவும் காட்டிக்கொள்ளமாட்டேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவளுக்குத் தேவை என்றால் அந்தச் சத்தம் அவளுக்கு இருக்கட்டும். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தாள், இரண்டு காரையும் பார்த்தாள், சோப்புப்பெட்டியின் கதவைத் திறந்தாள். பின்கதவை இல்லை, முன்கதவை. சிகிச்சை முடிந்து கிளம்பும்போது அந்த முன்சீட்டைப் பின்னால் தள்ளி முழுசாகச் சாய்த்துவிட்டேன். இது இவ்வளவு சாயும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கட்டில் மாதிரி இல்லை, ஆனால் கால் நீளுகிறது. அவள் தலை என் முழங்கை பக்கத்தில் இருந்தது.

கொஞ்ச தூரம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள். "வலிக்குது" என்றாள். மெதுவாக, சொல்லிப் பார்ப்பது மாதிரி. நான் சாலையையே பார்த்தேன். மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. அப்புறம் கத்தியேவிட்டாள். "ரொம்ப வலிக்குதுங்க. காலப் பிச்சு எடுக்கற மாதிரி வலிக்குது." "ஆமா" என்றேன். "என்ன ஆமா? உங்களுக்கா வலிக்குது?" என்று என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே டாக்டரைத் திட்டினாள், ஆஸ்பத்திரி நாற்காலியைத் திட்டினாள், உங்களையும் விடவில்லை. இவள் மனதில் இவ்வளவு வசவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நானும் அழுதேன். பார்வை மங்கியதால் மெதுவாக ஓட்டினேன்.

எங்கள் தெரு திரும்பியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சீட்டை நிமிர்த்தச் சொன்னாள், நிமிர்த்தினேன்.

"செவ்வாக்கிழமையும் இப்படித்தான் அழுவேன்" என்றாள்.

அழு என்றேன். கையைக் கொடுங்கள், இறங்க வேண்டும் என்றாள்.

உங்கள் அண்ணன்